வீடு முழுக்க வாந்தி, பேதி: எதைக் கவனிப்பது, எப்போது மருத்துவமனைக்கு ஓடுவது?

தூறல்
இரண்டரை வயது மகனுக்கு நேற்று இரவு வாந்தி தொடங்கியது. விடிவதற்குள் பேதியும் சேர்ந்துகொண்டது, தண்ணீராகவே போகிறது. லேசான காய்ச்சல் இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. மத்தியானத்திலிருந்து கணவருக்கும் குமட்டல். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

இது சாப்பாடு ஒத்துக்கொள்ளாததா, தொற்றா? இப்போதே கிளம்ப வேண்டுமா, வீட்டில் வைத்துப் பார்க்கலாமா? பேதியை நிறுத்த என்ன கொடுப்பது?

கடலோடி
பேதிக்கு லோபரமைடு போட்டால் ஒரு மணி நேரத்தில் கட்டுப்படும். கூடவே ஒரு ஆன்டிபயாடிக் கோர்ஸ். நான் வெளியூர் போனால் பையில் இரண்டும் இல்லாமல் போகமாட்டேன். குழந்தைக்குப் பாதி அளவு கொடுங்கள்.

இரவுப்பணி
கடலோடி, தயவுசெய்து அந்தப் பாதி அளவு யோசனையைத் திரும்பப் பெறுங்கள். சின்னக் குழந்தைக்கு லோபரமைடு கொடுக்கவே கூடாது. குடல் அசையாமல் நின்று வயிறு உப்பிப்போகும், மயக்கம்கூட வரும்.

தூறல், நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பேதி எத்தனை தடவை போனது என்பதை அப்புறம் பார்க்கலாம். எனக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு. கடைசியாக எப்போது சிறுநீர் போனான்? அழுதால் கண்ணீர் வருகிறதா? நாக்கைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கிறதா? கண் குழி விழுந்திருக்கிறதா? கூப்பிட்டால் முகம் பார்க்கிறானா, துவண்டு கிடக்கிறானா? வாந்தி என்ன நிறம்? பேதியில் ரத்தமோ சளியோ உண்டா?

தூறல்
அழுகிறான், கண்ணீர் வருகிறது. உதடு காய்ந்திருக்கிறது, நாக்கு ஈரமாகத்தான் இருக்கிறது. கூப்பிட்டால் பார்க்கிறான், சிணுங்கிக்கொண்டே இருக்கிறான். வாந்தி முதலில் சாப்பிட்டது, இப்போது வெறும் தண்ணீர். ரத்தம் இல்லை. சிறுநீர்தான் குழப்பம். டயப்பரில் எல்லாம் கலந்துவிடுவதால் போனானா இல்லையா என்றே தெரியவில்லை.

இரவுப்பணி
அந்தக் குழப்பம் எல்லா அம்மாவுக்கும் வரும். டயப்பரின் முன்பக்கம் கொஞ்சம் பஞ்சை வையுங்கள். சிறுநீர் போனால் முன்னால் இருக்கும் பஞ்சு மஞ்சளாக நனையும். அடர் மஞ்சளாக இருந்தாலும் பரவாயில்லை, வருகிறது என்பதுதான் முக்கியம். ஆறு, எட்டு மணி நேரம் பஞ்சு காய்ந்தே இருந்தால் அங்கே உட்கார்ந்து இந்த உரையாடலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று. தொப்புளுக்கும் இடுப்பின் ஓரத்துக்கும் நடுவே வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து விடுங்கள். உடனே சமமாகிவிட்டால் நல்லது. மடிப்பு மெதுவாக இறங்கினால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு நொடிக்கு மேல் அப்படியே நின்றால் ஆபத்தான நிலை. கொழுகொழு குழந்தையிடமும் மிக மெலிந்த குழந்தையிடமும் இந்தச் சோதனை ஏமாற்றும், அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் லேசான நீரிழப்பு தொடங்கியிருக்கலாம். நான் நேரில் பார்க்கவில்லை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது செய்ய வேண்டியது ஓஆர்எஸ், அதாவது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரை முழுதாக அளந்து கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்து, ரத்தத்தில் உப்பு ஏறி வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

டம்ளரில் கொடுக்காதீர்கள். குழந்தைக்குத் தாகம், ஒரே மூச்சில் குடிக்கும், வயிறு அதை அப்படியே திருப்பி அனுப்பும். ஐந்து மில்லி சிரிஞ்சோ ஸ்பூனோ எடுத்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கொடுங்கள். அது மணிக்கு 150 மில்லி ஆகிவிடும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 300. பார்க்கச் சொற்பமாகத் தெரியும், கணக்குப் போட்டால் போதுமான அளவுதான். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். வாந்தி எடுத்தாலும் உள்ளே போனதில் ஒரு பகுதி தங்கித்தான் இருக்கும். ‘எதைக் கொடுத்தாலும் நிற்கவில்லை’ என்று கொடுப்பதையே நிறுத்துவதுதான் குழந்தைகளை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

வாந்தி அடங்கிய பிறகு, ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி.

சுண்டெலி
ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில். எல்லாரும் கடைசியாகச் சாப்பிட்டதன் மேல்தான் பழியைப் போடுவார்கள். பெரும்பாலும் அது நிரபராதி. கடிகாரத்தைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள், ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஒன்றாக வாந்தி எடுத்தால் அது உணவில் ஏற்கெனவே உருவாகியிருந்த நச்சு. ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ், பேசில்லஸ் சீரியஸ் மாதிரி கிருமிகளின் வேலை. இந்த நச்சுகள் சூட்டுக்கு அழியாது, திரும்பக் கொதிக்கவைத்தாலும் பயனில்லை. நல்ல வேளையாகப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும்.

வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ் என்றால் உடம்பில் ஏறி 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் காட்டும். சால்மோனெல்லா பாக்டீரியா 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை. கேம்பைலோபேக்டர் பாக்டீரியா 2 முதல் 5 நாள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி ஒரு வாரம், இரண்டு வாரம்கூட எடுக்கும். ஆக, இன்றைய பேதிக்குக் காரணம் போன வாரம் குடித்த தண்ணீராகக்கூட இருக்கலாம்.

உங்கள் வீட்டில் முதலில் ஒருவர், அப்புறம் இன்னொருவர் என்று வரிசையாக விழுகிறார்கள். அது ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுகிறது என்பதற்கான அடையாளம். வாந்தியோடு திடீரென ஆரம்பித்து, தண்ணீராகப் போய், ரத்தமில்லாமல் இருந்தால் வைரஸ் என்றுதான் முதலில் நினைப்போம். இதற்கு மலப் பரிசோதனைகூடத் தேவையில்லை, முடிவு வருவதற்குள் நோயே போய்விடும். ரத்தம் போனால், ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால், அப்போது எங்களிடம் அனுப்புங்கள்.

ஒரு சின்னக் கிளைக்கதை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் ஊரில் 1968-இல் ஒரு பள்ளிக்கூடமே வாந்தியில் படுத்தது. அந்த மாதிரிகளை வைத்து 1972-இல் ஆய்வாளர் ஆல்பர்ட் கபிகியன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வைரஸைக் கண்டுபிடித்தார். ஊர்ப் பெயர்தான் சுருங்கி நோரோ ஆனது. அடுத்த வருடமே மெல்போர்னில் ரூத் பிஷப் குழு குழந்தைகளின் குடல் திசுவில் ரோட்டாவைரஸைக் கண்டது. அதுவரை குழந்தைகளின் பேதியில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமே தெரியாது.

தூறல், பையனுக்கு ரோட்டா தடுப்பு மருந்து கொடுத்திருக்கிறீர்களா?

தூறல்
சொட்டு மருந்தாகக் கொடுத்தார்கள், அட்டையில் இருக்கிறது. அப்படியும் வருமா?

சுண்டெலி
வரலாம். அந்த மருந்து ரோட்டாவின் கடுமையைத்தான் வெகுவாகக் குறைக்கிறது. நோரோவுக்கு அது சம்பந்தமே இல்லை.

வாசல்திண்ணை
இவ்வளவு ஸ்பூன் கணக்கு எதற்கு? ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் குழந்தை எழுந்து ஓடும். பொட்டலம் கரைத்துக் கொடுப்பதெல்லாம் ஆஸ்பத்திரி இல்லாத இடத்துக்கான வைத்தியம்.

இரவுப்பணி
ஐயா, மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கும், விழுங்க முடியாத குழந்தைக்கும் பாட்டில்தான் உயிர். அதை மறுக்கவில்லை. ஆனால் விழித்திருந்து விழுங்கக்கூடிய குழந்தைக்கு வாய் வழியே கொடுப்பது எந்த விதத்திலும் குறைந்த வைத்தியம் அல்ல. ஊசி குத்துவதால் வரும் வலி, வீக்கம், தொற்று எதுவும் இதில் இல்லை.

பேதி தண்ணீராகப் போகும்போதும் குடலில் ஒரு கதவு மட்டும் கெடாமல் இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் ஒன்றாக வந்தால் அந்தக் கதவு இரண்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும், பின்னாலேயே தண்ணீரும் போகும். தனியாக வெறும் தண்ணீர் வந்தால் அந்த வேகம் கிடைக்காது. உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் இந்த வழியைச் சொன்னார். 1968-இல் டாக்காவில் மருத்துவர்கள் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் இது வேலை செய்வதைக் காட்டினார்கள்.

1971-இல் வங்கதேசப் போர் நடந்தபோது மேற்கு வங்க எல்லையில் இருந்த பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. அங்கே இருந்த மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், ஏற்றுகிற பாட்டில்கள் தீர்ந்துபோனதும் உப்பும் குளுக்கோஸும் கலந்து டிரம்களில் வைத்தார். நோயாளியின் வீட்டாரே மொண்டு கொடுத்தார்கள். அதற்கு முன் முப்பது சதவீதம் வரை இருந்த சாவு, நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. காலராவுக்கே அப்படியென்றால் இந்த வைரஸ் எம்மாத்திரம்?

இப்போது பொட்டலத்தில் இருப்பது 2002-இல் உப்பும் சர்க்கரையும் குறைத்து மாற்றியமைத்த கலவை. லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அதோடு பொட்டாசியமும் சிட்ரேட்டும். பொட்டலம் கிடைக்கவே இல்லை என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தட்டையாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பில் கைப்பிடி தாராளம் வேண்டாம், கூடினால் ஆபத்து.

வாசல்திண்ணை
இந்த விவரம் எனக்குத் தெரியாது அம்மா. சரி, பழச்சாறு? விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானம்?

மருந்துப்பெட்டி
பழச்சாறு, சோடா பானங்களில் சர்க்கரை அதிகம், உப்பு இல்லை. அந்தச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். விளையாட்டுப் பானத்தில் இருக்கும் உப்பு வியர்வைக்குப் போதும், பேதிக்குப் போதாது. தெம்பான பெரியவர் லேசான பேதிக்குக் குடித்தால் குடிமுழுகாது. குழந்தைக்கும் வயதானவருக்கும் ஓஆர்எஸ்தான்.

மருந்துக் கடையில் காலம் தள்ளியவன் நான், கடலோடிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு, காய்ச்சலும் ரத்தமும் இல்லாத பேதிக்கு, பயணம் மாதிரி கட்டாயம் இருந்தால் லோபரமைடு ஓரிரு நாள் எடுக்கலாம். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் கூடாது. வெளியேற வேண்டியதை உள்ளே பூட்டிவைப்பதுபோல் ஆகிவிடும்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் மட்டும் நான் கறாரானவன். வைரஸை அது ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவாக இருந்தாலும் பெரும்பாலும் தானே அடங்கும். ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவில் ஓ157 மாதிரி ஷிகா நச்சைச் சுரக்கும் வகை ஒன்று இருக்கிறது. ரத்தபேதி வரும், காய்ச்சல் அதிகம் இருக்காது. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம் கூடலாம். தேவையில்லாமல் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கே குடலின் நல்ல கிருமிகளை அழித்து, சி. டிஃபிசீல் என்ற வேறொரு மோசமான பேதியைக் கொண்டுவரும். காலரா, ஷிகெல்லா சீதபேதி, அமீபா, ஜியார்டியா இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு, மருத்துவர் பார்த்து எழுதட்டும்.

கடலோடி
குழந்தைக்குப் பாதி அளவு என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் போன தடவை ஆன்டிபயாடிக் போட்ட மறுநாளே எனக்கு நின்றதே?

மருந்துப்பெட்டி
போடாமல் இருந்திருந்தாலும் மறுநாள் நின்றிருக்கும் தம்பி. பெரும்பாலான வயிற்றுத் தொற்று இரண்டு, மூன்று நாளில் வடியத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து யார் எதைக் கொடுத்தாலும் அவருக்கு நல்ல பெயர்.

தூறல்
ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைதான் எடுத்தான். இப்போது மாமியாரும் கழிவறைக்குப் போய்விட்டு வந்து படுத்துவிட்டார். அவருக்குப் பயமாக இருக்கிறது. வழக்கமான மாத்திரைகளைக் கொடுக்கலாமா?

மருந்துப்பெட்டி
நீங்கள் கேட்டிருக்காவிட்டாலும் இதை எழுத நினைத்தேன். அவருடைய மருத்துவரை இன்றே போனில் பிடியுங்கள். மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பெயரை வாசியுங்கள். சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை, ‘பிரில்’ அல்லது ‘சார்டான்’ என்று முடியும் பிரஷர் மாத்திரை, சுகருக்கான மெட்ஃபார்மின், ‘கிளிஃபுளோசின்’ என்று முடிபவை, மூட்டு வலிக்கான ஐபுபுரோஃபன் வகை. வாந்தி பேதியில் உடம்பு வற்றியிருக்கும்போது இவை சிறுநீரகத்தைப் படுத்தும், சிலது ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும். பல சமயம் சாப்பாடு இறங்கும்வரை நிறுத்தச் சொல்வார்கள். எதை, எத்தனை நாள் என்பதை அவர் சொல்லட்டும். இன்சுலின் போடுபவராக இருந்தால் அதைத் தானாக நிறுத்தவே கூடாது, அளவைத்தான் கேட்க வேண்டும். சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. ‘வேண்டாம்’ என்பார்கள். எழுந்தால் தலை சுற்றுகிறதா, பேச்சில் குழப்பம் இருக்கிறதா, சிறுநீர் குறைந்துவிட்டதா என்று பாருங்கள். இரவில் கழிவறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள், விழுந்துவிடுவார்கள்.

இரவுப்பணி
இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘வாந்தியா, வயிற்றுத் தொற்றுதான்’ என்று பெயர் சூட்டிவிட்டு உட்காருவது எனக்குப் பிடிக்காத பழக்கம். வாந்தியும் பேதியும் சேர்ந்து இருந்தால் சரி. பேதியே இல்லாமல் வாந்தி மட்டும் ஒரு நாளைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும்.

கரும்பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குடல் அடைப்பாக இருக்கலாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று வீறிட்டு, காலை வயிற்றோடு மடக்கி, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, மறுபடி அதேபோல் அழுதால் ஒரு குடல் இன்னொன்றுக்குள் செருகியிருக்கலாம். சிவந்த ஜெல்லி மாதிரி மலம் வருவது கடைசிக் கட்டம், அதற்குக் காத்திருக்கக் கூடாது. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால் குடல்வால். கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத தலைவலி, அமுக்கினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் என்றால் மூளைக்காய்ச்சல்.

நான் அடிக்கடி பார்ப்பது இன்னொன்று. குழந்தை வாந்தி எடுக்கும், வற்றிப்போய் இருக்கும், ஆனால் சிறுநீர் மட்டும் தாராளமாகப் போகும், மூச்சு ஆழமாக இழுக்கும். வயிற்றுத் தொற்று என்று நினைத்துக் கொண்டுவருவார்கள், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் சர்க்கரை எகிறியிருக்கும், நீரிழிவு. வற்றிய குழந்தைக்குச் சிறுநீர் குறையத்தான் வேண்டும். குறையவில்லை என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், இவர்களுக்கெல்லாம் லேசாக இருந்தாலும் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தபேதி, 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், எதையும் விழுங்க முடியாத நிலை, துவண்டு போவது, இவை யாருக்கு வந்தாலும் கிளம்ப வேண்டும்.

சுண்டெலி
வீட்டில் மீதி இருப்பது தூறல் ஒருவர்தான். அவரைக் காப்பாற்றுவோம்.

கைக்குத் தடவும் ஆல்கஹால் ஜெல் நோரோவிடம் சரியாகச் செல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும், குறைந்தது இருபது நொடி, நகக் கண்வரை. இருபதுக்கும் குறைவான வைரஸ் துகள்களே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும் என்கிறார்கள். வாந்தி எடுக்கும்போது துளிகள் காற்றிலேயே பறந்து அக்கம்பக்கத்தில் படியும். அதனால் தெரிகிற இடத்தை மட்டும் துடைத்தால் போதாது, சுற்றியும் துடைக்க வேண்டும்.

கையுறையும் முகக் கவசமும் போட்டு, பேப்பரால் வாரி எடுத்துப் பையில் கட்டுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவிய பிறகுதான் பிளீச். 5 சதவீத பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, தடவி ஐந்து நிமிடமாவது ஊறவிடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் வீரியம் அழுக்கோடு போய்விடும். கழிவறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சைக் கலந்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும். ஃபிளஷ் கைப்பிடி, கதவுப் பிடி, குழாய்த் திருகு, செல்போன். இந்த நான்கையும் எல்லாரும் மறக்கிறார்கள், செல்போனை நிச்சயமாக.

தூறல்
நேற்று இரவு எழுத முடியவில்லை. பஞ்சு நனைந்திருந்தது! வாந்தி நின்றுவிட்டது, பேதி மட்டும் போகிறது. பசி என்று அழுகிறான். சாப்பாடு கொடுத்தால் மறுபடி கிளம்பிவிடுமோ? பாலில் தண்ணீர் கலக்கச் சொல்கிறார்கள். மாமியாருக்கு மருத்துவர் இரண்டு மாத்திரைகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறார், எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

இரவுப்பணி
நனைந்த பஞ்சைப் பார்த்து நாங்களும் சந்தோஷப்படுவோம். பசித்தால் கொடுங்கள். வயிற்றைக் காயப்போட்டால் குடல் தோல் தேறுவது தள்ளிப்போகும். வழக்கமாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. எண்ணெயும் இனிப்பும் மட்டும் குறைவாக. பாலைத் தண்ணீராக்க வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையானால் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. பேதியோடு வயிறு உப்பி, பின்பக்கம் புண்ணாகி, பால் குடித்த உடனே அதிகமானால் குடல் தற்காலிகமாகப் பால் சர்க்கரையைச் செரிக்கவில்லை என்று பொருள், அப்போது மருத்துவரிடம் கேளுங்கள்.

துத்தநாகம் (ஜிங்க்) பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். பேதி வந்த குழந்தைக்கு 10 முதல் 14 நாள் கொடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, அளவை அவர் சொல்லட்டும்.

வாந்தி ஓரிரு நாளில் நிற்கும், பேதி ஐந்து முதல் ஏழு நாள் இழுக்கும். அதனால் நாளைக்கும் இளகிப் போனால் பதற வேண்டாம். சிறுநீர் போகிறது, விளையாடுகிறான் என்றால் தேறுகிறான். ஒரு வாரம் தாண்டினால் கட்டாயம் காட்டுங்கள்.

கடலோடி
தூறலின் கணவர் எப்போது வேலைக்குப் போகலாம்? நானாக இருந்தால் வாந்தி நின்ற அன்றே போய்விடுவேன்.

தூறல்
அதைத்தான் கேட்க வந்தேன். அவர் சமையலறையில் வேலை செய்கிறார். இன்று காலையிலிருந்து அவருக்கு ஒன்றும் இல்லை.

சுண்டெலி
அப்படியானால் இன்று போகக் கூடாது. கடைசி வாந்தியோ பேதியோ முடிந்து 48 மணி நேரம் கழித்துத்தான். பையனைக் காப்பகத்துக்கு அனுப்புவதற்கும் அதே கணக்கு. முதலாளியிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், சமையலறையில் இருப்பவர் சொல்லித்தான் ஆக வேண்டும். உடம்பு சரியான பிறகும் இரண்டு வாரம் வரை, சில சமயம் அதற்கு மேலும், மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால் 48 மணி நேரம் கழிந்து வேலைக்குப் போனாலும் கை கழுவுவதில் சலுகை கிடையாது.

மருந்துப்பெட்டி
தூறல், உங்களுக்கு வந்தால் ஒன்று. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், விழுங்கி மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது சேர்ந்ததாகக் கணக்கில்லை. அட்டைக்குள் இருக்கும் தாளில் என்ன செய்ய வேண்டும் என்று போட்டிருக்கும், பாருங்கள்.

தூறல்
இதை யாரும் சொன்னதே இல்லை. எனக்கு இதுவரை வரவில்லை. ஓஆர்எஸ் கரைத்து எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

மருந்துப்பெட்டி
24 மணி நேரம், மூடிவைத்து. மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.